கொப்பி பார்த்துக் கொடுத்த பூத்தண்ணீர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சண்டை குறைந்தது சங்கத்தால் இல்லை, சாமியாலும் இல்லை. கொப்பிக்காரரால்.

துரையின் பங்களாவில் பூந்தோட்ட வேலை அவருக்கு. பாத்தி ஓரமாகச் சீமைச்சாமந்தி வளர்த்தார். பூவைக் காயவைத்து, கொதித்த தண்ணீரில் ஊறவைத்துக் கொடுப்பார். மனம் அடங்கும். தூக்கம் வரும். கத்தியே பழகிய எங்கள் கங்காணி ஒரு வாரம் குடித்தார். காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும்போது, "மெதுவா போங்கம்மா" என்றார். காய்ச்சல் என்று பயந்து ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கப் பார்த்தார்கள்.

ஆனால் சும்மா கொடுக்க மாட்டார். முதலில் பூவை மூக்கருகே நீட்டுவார். தும்மினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெண்கள் வந்தால், "வயித்துல புள்ள இருக்கா?" எழுபது வயசு மாரியாயி அதற்கு அவரை விளக்குமாற்றோடு பாத்தி வரை துரத்தினாள். கடைசிக் கேள்வி, "கிளினிக் கொப்பி எங்க?" நோயாளிகளுக்கு மருந்து எழுதித் தரும் நோட்டு அது. கொப்பிக்காரருக்கு எழுத்துத் தெரியாது. கொப்பியில் எழுத்து இருந்தால், டாக்டரைக் கேட்காமல் தண்ணீர் இல்லை.

என் மனைவி செல்லம்மாவுக்கு இதய நோய். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. மகள் குவைத்துக்குப் போனதிலிருந்து தூக்கமும் இல்லை. கொப்பியை நீட்டினாள்.

"வேணாம் தங்கச்சி."

"கங்காணிக்கு ஊத்துனீங்க. எனக்கு இல்லையாண்ணே?"

"அந்தாளுக்குக் கொப்பி இல்லம்மா. வாய்தான் இருக்கு."

மறுநாள் அவர் வேலைக்குப் போகாமல், அவள் கொப்பியை எடுத்துக்கொண்டு பொகவந்தலாவை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார். பொழுது சாய வந்தார்.

"டாக்டரும் வேணாங்கிறாரு. அந்த மாத்திரையோட இதையும் குடிச்சா, ரத்தம் வந்தா நிக்காதாம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் தினமும் சாயங்காலம் ஒரு கோப்பை வெந்நீரோடு வந்தார்.

"இதுல என்னண்ணே இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சூடு இருக்கு."

துரையின் நாய் எந்தப் பாத்தியைக் கிளறியது என்று சொல்லிக்கொண்டிருப்பார். சில நாள் அவள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள்.

மழைக்காலத்தில் போய்விட்டாள். மகளுக்கு வர முடியவில்லை.

அடக்கம் முடிந்து வந்தேன். வாசலில் கோப்பையோடு நின்றார். பூவை என் மூக்கருகே நீட்டினார். தும்மவில்லை.

"கொப்பி இருக்கா?"

"இல்ல மச்சான்."

"அப்ப குடி."

போன மாதம் பிரஷருக்கு எனக்கும் ஒரு கொப்பி கொடுத்தார்கள். அவரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் எனக்கொன்று, தனக்கொன்று என்று இரண்டு கோப்பை வெந்நீரோடு வந்தார்.