டாப்பண்ணன் தைத்த கூரை

திருப்பூரில் துணியால் ஆகாத காரியம் ஒன்று உண்டென்று டாப்பண்ணனை யாராவது நம்பவைத்திருந்தால், அவர் அன்றைக்கே தொழிலை விட்டுவிட்டு ஆடு மேய்க்கப் போயிருப்பார்.

மண்ணரையில் என் லேபிள் கடைக்கு எதிரேதான் அவருடைய பனியன் யூனிட். பெற்றோர் வைத்த பெயர் வேறு. கூரையை, அதாவது டாப்பை, மடக்கித் திறக்கிற பழைய கார் ஒன்றைக் கோயம்புத்தூரில் வாங்கி வந்த பிறகு ஊருக்கே டாப்பண்ணன். கார் என்னவோ அம்சமாகத்தான் இருந்தது. துணிக் கூரைதான் கிழிசல். பின்பக்கம் கண்ணாடிக்குப் பதிலாகத் தைத்திருந்த பிளாஸ்டிக் ஜன்னல் பழுத்து மஞ்சளாகி, பின்னால் வருவது லாரியா யானையா என்றே தெரியாது.

“கம்பெனிக் கூரையே வாங்கிப் போட்டுருங்கண்ணா” என்று மெக்கானிக் சொன்னதுதான் தாமதம், அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஏனுங்க, ஒலகத்துக்கே சட்டை தெச்சு அனுப்பறோம். ஒரு காருக்குத் தெக்க மாட்டமா?”

பழைய கூரையைத் தையல் தையலாகப் பிரித்து, பிரவுன் பேப்பரில் அளவெடுத்து, தண்ணீர் இறங்காத கெட்டித் துணியில் வெட்டித் தைத்தார். புது பிளாஸ்டிக் ஜன்னலை வெயிலில் இளகவைத்துப் பதமாக இழுத்துப் பொருத்தினார். வேலை சுத்தம். ஆனால் மாட்டிப் பார்த்தால் கூரை தொளதொளவென்று தொங்குகிறது.

“பெருசா வெட்டிட்டீங்களாண்ணா?” என்றேன்.

“சுருக்கத்துக்கு உட்டிருக்கறனுங்க. நாலு தண்ணி பட்டாச் சரியாயிரும்.”

பனியன் துணி துவைத்தால் சுருங்கும் என்று கொஞ்சம் கூடுதலாக வெட்டுவது எங்கள் ஊரின் கைப்பழக்கம். அந்தக் கெட்டித் துணியோ சுருங்குகிற ஜாதியே இல்லை. அதை அண்ணன் ஒப்புக்கொண்டால்தானே? ஞாயிற்றுக்கிழமை தவறாமல், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி, மெல்லிய பிரஷ்ஷும் ஷாம்புவுமாக அலசினார். ஈரம் காயாமல் மடக்க மாட்டார், பூஞ்சை பிடிக்குமாம். மடக்கும்போது ஜன்னலில் கீறல் விழாதிருக்கப் புது பனியன் ஒன்றை விரிப்பார். யாராவது கிட்டே போனால், “வெரல் வெக்காதீங்க சாமி, கோடு உளுந்துரும்!” என்று அலறுவார். அவ்வளவு செய்தும் கூரை ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை.

இதற்குள் தங்கை மகள் நிவேதாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. குன்னத்தூரிலிருந்து மண்டபத்துக்குப் பெண்ணைத் தன் காரில்தான் அழைத்துவருவேன் என்று தாய்மாமன் ஒற்றைக்காலில் நின்றார். தங்கை கணவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“இந்தத் தொங்கல் கூரையிலயா? மழை வந்தாப் பொண்ணு நனையாதுங்களா, மச்சான்?”

“ஒரு சொட்டு உள்ள வந்துச்சுன்னா, மாமன் சீருக்கு நான் சபையில நிக்கலீங்க மாப்ளே!”

கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளையில்லாத மனிதர். அந்தச் சீரைச் செய்வதற்காக அவள் தொட்டிலில் கிடந்த காலம் தொட்டுக் காத்திருந்தவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா?

கல்யாணத்தன்று பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் ஓட்ட, முன்சீட்டில் நான், பின்சீட்டில் நிவேதா. கூரையில் தண்ணீர் தேங்கித் தேங்கி, பால் கட்டிய மடியாக அவள் தலைப்பூ வரைக்கும் இறங்கியது. அண்ணன் ஓரங்கட்டினார். பின்னால் வந்த தங்கை கணவர் தன் காரை ஒட்டினாற்போல் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

“போதுமுங்க மச்சான்! கண்ணு, நீ எறங்கி இங்க வா!”

“நான் வல்லீங்கப்பா” என்ற நிவேதா, மருதாணிக் கை இரண்டையும் தூக்கிக் கூரையை ஒரு தள்ளு தள்ளினாள். அத்தனை தண்ணீரும் சரிந்து அப்பாவின் ஜன்னல் வழியாக அவர் பட்டுச் சட்டையில் போய் இறங்கியது. பாவம், மனிதர் மறுபடி பேச வாயைத் திறந்த நேரம்.

மண்டப வாசலில் பெண் பொட்டுக் கலையாமல் இறங்கினாள். அண்ணன் மட்டும் இறங்கி அங்கேயே நின்றுவிட்டார். அவர் தலைக்கு மேலிருந்த தையல் கசிந்து, வலது தோள் முழுக்க ஈரம். சொன்ன சொல் சொன்னதுதான் என்று முகம் செத்துப்போய் நின்றார். சொட்டச் சொட்ட வந்த தங்கை கணவரின் கண்ணும் நேராக அந்தத் தோளில்தான் விழுந்தது.

“மச்சான், அதென்னுங்க ஈரம்?”

நிவேதா முந்திக்கொண்டாள். பட்டுச்சேலைத் தலைப்பால் அந்தத் தோளைத் துடைத்துக்கொண்டே, சபைக்கே கேட்கும்படி சொன்னாள்: “மாமனுக்கு வேர்த்துருச்சுங்கப்பா. உள்ள வாங்க மாமா, சீருக்கு நேரமாச்சு.”

அடித்துப் பெய்கிற மழையில் வேர்வையாம்! ஆனாலும் யார் வந்து கேட்டாலும் நானும் அதையேதான் சொல்வேன். அது வேர்வைதான்.