ஆறு வாரம் நான் நோயாளியாக இருந்த கதை

குன்சான்,
டிசம்பர் 8, திங்கள் காலை

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, தம்பி மான்-சூ தலைவணங்கி எழுதுவது. வாண்டோவில் கடல்காற்று கடிக்கத் தொடங்கியிருக்கும். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே நான் நலம். வழக்கமாக இந்த வார்த்தையை எழுதுகிறவனும் நினைத்து எழுதுவதில்லை, படிக்கிறவனும் நின்று படிப்பதில்லை. இந்த முறை தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். நான் நலம். எனக்குப் புற்றுநோய் இல்லை. போனில் இதைச் சொன்னால், “தம்பி, என்கிட்டயே மறைக்கிறியாடா” என்று அழுது வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். நீங்கள் அனுப்பிய ஒரு பெட்டி அபலோன் சிப்பியும் அதன்மேல் அண்ணி ஒட்டிய “தைரியமா இருங்க” சீட்டும் வந்து சேர்ந்தன. சிப்பியைச் சாப்பிட்டுவிட்டோம். சனிக்கிழமை என் முகத்தைக் கடைசியாகப் பார்க்க யாரும் புறப்பட வேண்டாம்.

நடந்தது இதுதான். நம் மகள் சோதாம் ஒன்பது வருஷம் புற்றுநோய் வார்டில் நர்சாக இருந்துவிட்டு, சிறப்புச் செவிலியர் ஆகவேண்டும் என்று மேற்படிப்பில் சேர்ந்தாள் அல்லவா? டாக்டர் மூன்று நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போனதை முப்பது நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து புரியவைத்து, நோயாளியைத் தானே பரிசோதித்து, மருந்து படுத்தும் பாட்டையும் கவனிக்கிற வேலை. கடைசியில் ஒரு செய்முறைத் தேர்வு. கட்டிலில் ஒரு நடிகர் நோயாளியாகப் படுத்திருப்பார். கண்ணாடிக்குப் பின்னால் பேராசிரியர்கள் பார்ப்பார்கள். இதில் தேறினால்தான் அரசுத் தேர்வு எழுத முடியும். ஒத்திகை பார்க்க ஒரு நோயாளி வேண்டுமென்றாள். நான் நடுநிலைப் பள்ளியோடு நின்றவன், பாய்லர் ரிப்பேர்க்காரன். படுத்துக் கிடப்பதற்குப் படிப்பு எதற்கு என்று ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள், “பெருங்குடல்ல கட்டி இருக்கு. மருந்து ஏத்தணும்னு டாக்டர் சொல்றாரு. உங்களுக்கு என்ன தோணுது?” என்றாள். “சரிம்மா, ஏத்திடு” என்றேன். “அப்பா! எந்த நோயாளி இப்படி உடனே சரிங்கறான்? பயப்படுங்க. முரண்டு பிடிங்க.” முரண்டு பிடிப்பதா, அது நமக்குப் பிறவியிலேயே வந்த கலை அல்லவா? மறுநாள் நொண்டி நொண்டி வந்து தரையில் புரண்டு, “எனக்கு மருந்து வேணாம், வாண்டோவுக்குப் போய் கடலைப் பாத்துக்கிட்டே செத்துடறேன், விட்ருங்க!” என்று போட்ட போட்டில் கதவு அதிர்ந்தது. சோதாமின் அம்மா முட்டைக்கோசைக் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்து, “ஏங்க, கட்டி வயித்துலதானே? எதுக்கு நொண்டுறீங்க?” என்றாள். மகளோ, “அப்பா, நடிக்காதீங்க! நிஜ வலி இவ்வளவு சத்தம் போடாது” என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆறு வாரமும் தினம் பத்துத் தடவை இதையே சொன்னாள்.

பக்கத்து வீட்டு ஓக்-பூன் அக்காவுக்குச் சுவர் வழியாக என் குரல்தான் கேட்டதே தவிர, ஒத்திகை என்பது கேட்கவில்லை; சேதி ஊரெல்லாம் பரவிவிட்டது. நோயாளியிடம் மட்டும் நோயின் பெயரைச் சொல்லாத ஊர் அல்லவா நம்முடையது? யாரும் என்னைக் கேட்கவே இல்லை. கதவுக் கைப்பிடியில் கஞ்சிப் பாத்திரம் தொங்கியது. வாசலில் பழரசப் பெட்டிகள் அடுக்காக ஏறின. பாய்லர் பார்க்கப் போன வீட்டில் எழுபத்திரண்டு வயதுக்காரி ஒருத்தி என் கருவிப் பையைத் தானே சுமந்து மாடியேறினாள். பத்தொன்பது வருஷமாக ஜாங்கி சதுரங்கத்தில் நகர்த்திய ஒரு காயைக்கூடத் திருப்பி எடுக்க விடாத என் கூட்டாளி பொங்-கூ, “ரெண்டு காயா வேணும்னாலும் எடுத்துக்கடா” என்று மூக்கை உறிஞ்சினான். நானோ, ஆட்டத்தில் தேறிவிட்டேன், சிறப்புச் செவிலியரின் அப்பாவுக்கு ஊரே மரியாதை செய்கிறது என்று மிதந்துகொண்டிருந்தேன். அந்தப் பொங்-கூதான் உங்களுக்கும் போன் போட்டிருக்கிறான்.

அண்ணியின் சீட்டைப் படித்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நோய் உண்மைதானோ, ஒத்திகை என்ற சாக்கில் மகள் மெல்ல மெல்லச் சொல்கிறாளோ? அவளைப் பிடித்து, “மகளே, எத்தனை மாசம்?” என்றேன். “எது எத்தனை மாசம்?” என்றவள், விஷயம் புரிந்ததும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஆறு வருஷமாகத் தட்டிக்கழித்துவந்த உடல் பரிசோதனைக்கும் இழுத்துப்போனாள். கொழுப்பு அதிகம், மற்றபடி சுத்தம். தாளின் நகலை இணைத்திருக்கிறேன்.

அதுவரை சிரித்தோம். போன புதன்கிழமைதான் தேர்வு. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிப் போட்ட சோதாம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “படுத்திருந்தவருக்கு உங்க வயசுதாம்பா. ‘வலியெல்லாம் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்’னாரு. ஆனா கை போர்வையைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நான் பழக்கத்துல, ‘அப்பா, நடிக்காதீங்க’ன்னு சொல்லிட்டேன்.”

“நடிகர்கிட்டயா?”

“காசு வாங்கிட்டு நடிக்கிறவர்கிட்டப்பா! வாயைத் திறந்தபடி என்னையே பாத்தாரு. மணி அடிச்சிடுச்சு.”

அண்ணா, தவறினால் இன்னொரு வருஷம். வார்டில் அவளுக்காக வைத்திருக்கும் இடமும் போய்விடும். அவள் இரண்டு வருஷம் கண் விழித்துக் கட்டியதை நான் ஆறு வாரம் புரண்டே இடித்துவிட்டேன். இனி நடிப்பில்லை. கிம்ச்சி ஊறுகாய் போடும் நாளில் இடுப்பு வலி என்றுகூடச் சொல்லமாட்டேன். இன்று மாலைக்குள் முடிவு வரும். நல்லதாக வராது. துக்க வீடு போலிருக்கும் இங்கே, அதற்காகவும் வராதீர்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். இந்தக் குளிர் உங்கள் வீட்டு மூட்டுகளை விட்டுவிட்டு, கடலில் உங்கள் சிப்பிகளைக் கொழுக்க வைக்கட்டும்.

பணிவுள்ள தம்பி,
தக் மான்-சூ

பி.கு.: தபால் நிலையத்துக்குக் கிளம்பும்போது சோதாமின் போன். தேறிவிட்டாள்! அந்த நடிகரிடம் கொடுத்திருந்த தாளில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ‘நோயாளிக்குக் கடும் வலி, ஆனால் மறைப்பார்.’ மற்ற பதினோரு பேரும் ‘வலி இல்லை’ என்று குறித்துக்கொண்டு நன்றி சொல்லி வெளியே வந்துவிட்டார்களாம். ‘நடிக்காதீங்க’ என்றது இவள் ஒருத்திதான். வேறு தாள் எடுத்து எழுதப் பொறுமையில்லை, மேலே உள்ளதெல்லாம் ரத்து. சனிக்கிழமை எல்லாரும் வாருங்கள். யாரோடு ஒத்திகை பார்த்தாய் என்று பேராசிரியை கேட்டாராம். என் வயதில் நோயாளியாகப் படுப்பதற்கு அங்கே ஆள் பற்றாக்குறையாம். ஒப்புக்கொண்டுவிட்டேன். மார்ச் முதல், செவ்வாய்க்கிழமைகளில் பத்து மணியிலிருந்து நான்கு மணிக்குள் யாராவது போன் செய்து நான் சாகக் கிடக்கிறேன் என்றால் நம்புங்கள். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன்.