நினைச்சுக்கோ முசியேயும் இரண்டு தீப்பெட்டிகளும்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட அந்தக் காலத்துச் சைகோனில் வெடிகுண்டுக்குப் பயப்படாத தமிழர்களை நான் பார்த்திருக்கிறேன். நினைச்சுக்கோ முசியேவுக்குப் பயப்படாத தமிழரைப் பார்த்ததே இல்லை. குண்டாவது எப்போதோ ஒரு தடவைதான் வெடிக்கும். இவர் தினமும் இரண்டு வேளை மெஸ்ஸுக்கு வருவார்.

'பென் தான்' என்கிற பெரிய சந்தைக்குப் பக்கத்தில், புதுச்சேரி, காரைக்கால் குமாஸ்தாக்கள் நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்து நடத்திய மெஸ் அது. அவரும் அதில் ஒருவர்; துறைமுகத்தில் சரக்குச் சீட்டு எழுதுகிறவர். அப்பா அம்மா வைத்த பெயர் ஏதாவது இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. 'முசியே' என்றால் பிரெஞ்சில் ஐயா; 'நினைச்சுக்கோ' அவர் வாயே கொடுத்த பட்டம். வாயைத் திறந்தால் ஒரே பாட்டுத்தான்.

"தம்பி, ஒரு எண்ணை நினைச்சுக்கோ. சொல்லாதே! அதை ரெண்டு மடங்காக்கு. பன்னிரண்டைக் கூட்டு. பாதியாக்கு. முதல்ல நினைச்ச எண்ணைக் கழிச்சிடு. ஆறு!"

ஆறேதான். கண்ணை மூடி, நெற்றியில் விரலை வைத்து, நம் மண்டைக்குள் இறங்கி எடுத்துவந்த களைப்போடு சொல்வார். சமையல்காரர் அடிக்குழம்பைத் துழாவி முதல் கரண்டி காயை அவருக்குத்தான் போடுவார். பிரெஞ்சுக்காரர்கள் எப்போது மூட்டை கட்டுவார்கள் என்று அவரிடம் கேட்டவர்கள்கூட உண்டு. அதற்கும் ஒரு எண்ணை நினைக்கச் சொன்னார்; ஆறு வந்தது. ஆறு மாசமா, ஆறு வருஷமா என்று சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியாயமான காரணம்தான்: என் குழம்பில் காயே இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் அறையில் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். நினைத்த எண் தெரியாதா? தெரியவே வேண்டாம், அதற்குப் பதில் ஒரு பெட்டியை வரைந்துகொள். இரண்டு மடங்கா? இரண்டு பெட்டி. பக்கத்தில் பன்னிரண்டு. பாதியாக்கினால் ஒரு பெட்டியும் ஆறும். அந்தப் பெட்டியையும் கழித்தால்... அட அநியாயமே! பெட்டிக்குள் எது இருந்தாலும் வந்த வழியே போய்விடுகிறது. மிச்சம் நிற்பது அவரே கொடுத்த பன்னிரண்டில் பாதி. இதற்கா நெற்றியில் விரல்?

மத்தியானச் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும் அவர் மானத்தை வாங்கிவிடுவது என்று, காகிதத்தைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பினேன். சந்தை முனையில் ராணுவச் சாவடி. அன்று காலையில்தான் பக்கத்தில் எங்கோ குண்டு வெடித்திருந்தது. என் பையைத் துழாவிய பிரெஞ்சு சார்ஜெண்ட் காகிதத்தை விரித்தான். பெட்டிகள், அம்புக்குறிகள், பன்னிரண்டு, ஆறு.

"ரெண்டு பெட்டியும் எங்கே? ஆறு மணிக்கா, பன்னிரண்டுக்கா?"

"அது கணக்கு, முசியே," என்றேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. சாயங்கால லாரியில் என்னை ஏற்றப் போவதாகச் சொன்னான். அந்த லாரியில் போனவர்கள் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சேதி தெரிந்து மெஸ்ஸே திரண்டு வந்தது. வந்து, தெருவின் எதிர்ப்புறம் பத்திரமாக நின்று, மனப்பூர்வமாக வேடிக்கை பார்த்தது. தெருவைத் தாண்டி வந்தவர் நினைச்சுக்கோ முசியே ஒருவர்தான்.

"போன்ழூர்" என்று சார்ஜெண்டுக்கு வணக்கம் சொல்லிக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எதற்காக வரைந்தேன் என்பது புரிந்துவிட்டது. எனக்குத் தலை நிமிரவில்லை.

சார்ஜெண்டை ஒரு எண் நினைக்கச் சொல்லி, வழக்கம்போல நெற்றியில் விரல் வைத்து, "ஆறு!" என்றார்.

"ஒன்பது," என்றான் அவன். மூன்றை நினைத்தவன் கடைசியில் அதைக் கழிக்க மறந்திருந்தான். கையில் துப்பாக்கி இருப்பவனுக்குக் கணக்கு வராது என்று யார் சொல்வது?

முசியே பெருமூச்சு விட்டார். இரண்டு தீப்பெட்டிகளை மேசையில் வைத்துப் பக்கத்தில் பன்னிரண்டு குச்சிகளை அடுக்கினார். "ரெண்டு பெட்டியிலயும் ஒரே அளவு குச்சி. எத்தனைன்னு எனக்குத் தெரியாது." பாதியை ஒதுக்கினார். ஒரு பெட்டி, ஆறு குச்சி. "நீங்க நினைச்ச எண்தான் இந்தப் பெட்டி. அதை எடுத்துக்குங்க. மிச்சம்?"

"ஆறு!"

"மந்திரமும் இல்லை, சதியும் இல்லை முசியே. நான்தான் ஊரை ஏமாத்திக்கிட்டிருந்தேன். இந்தப் பையன் கண்டுபிடிச்சிட்டான்." பிரெஞ்சில்தான் சொன்னார். எதிர்ப்புறம் நின்ற பதிமூன்று பேருக்கும் பிரெஞ்சு தெரியும்.

சார்ஜெண்ட் உடனே காவலாளியைக் கூப்பிட்டு ஒரு எண் நினைக்கச் சொன்னான். ஆறு வந்த சந்தோஷத்தில் என்னைப் போகச் சொல்லிவிட்டான்.

அன்று மெஸ்ஸில் முசியேவுக்குக் கடைசிக் கரண்டி. "பன்னிரண்டில பாதிதானே முசியே?" என்று ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். கை கழுவுகிற இடத்தில் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாரும் கேக்கும்படியா ஏன் முசியே சொன்னீங்க? மெதுவாச் சொல்லியிருக்கலாமே."

"உன்னை லாரியில ஏத்திட்டா அப்புறம் உங்க அம்மாவுக்கு நான் என்னடா எழுதறது?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பெட்டி போட்டுக் காட்டினே பாரு, ரொம்ப அழகு. எனக்கு இது புரிய மூணு வருஷம் ஆச்சு. நீ ஒரு காலையில முடிச்சிட்டியே, கெட்டிக்காரன்!"

அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வெட்கமாக இருந்ததால், கையோடு முகத்தையும் கழுவிக்கொண்டேன்.