பூங்குழலியின் கமெண்ட்

இந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். படுப்பது வீட்டில்தான். வாரம் ஆறு ராத்திரி நிட்டிங் கம்பெனியில் மிஷினோடு விழித்துக் கிடப்பவனுக்குச் சூரியன் என்பதே ஒரு வதந்தி. சேர்ந்தாற்போல் தூங்கக் கிடைப்பது அந்த ஒரு நாள்.

என் மனைவி இந்துமதி கார்மென்ட்ஸில் செக்கிங். அவள் கண்ணுக்கு எந்த ஓட்டையும் தப்பாது, என்னுடையது உட்பட. மகள் தேஜஸ்ரீ படிக்கும் மாநகராட்சிப் பள்ளியில் மேலாண்மைக் குழுத் தலைவி வேறு. பள்ளிச் சுவரெல்லாம் பாசி. பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் கேட்டிலேயே திரும்பி மெட்ரிக் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். இன்னும் ஆள் குறைந்தால் ஒரு டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களாம். அதனால் லீவு முடிவதற்குள் பெற்றோரே பெயின்ட் அடிப்பதென்று குழு முடிவு செய்தது. அம்மாக்கள் தயார். ஏணியில் ஏறத்தான் ஒரு அப்பாவும் சிக்கவில்லை.

"ஏனுங்க, நீங்களாச்சும் வாங்க."

"அசதியா இருக்குது அம்மிணி. ஆளை உடு."

"ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பள்ளிக்குக் கொடுங்கள் பெற்றோர்களேன்னு பிளாக்குல எழுதுனது ஆருங்க?"

"அது எழுத்து. இது பெயின்ட்டு."

பதில் பேசாமல் போய்விட்டாள். மனைவி பதில் பேசாவிட்டால் ஜெயித்துவிட்டதாக நினைக்கும் ரகம் நான்.

இன்டர்நெட்டில் நான் எழுதும் பிளாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மீதியைப் பழைய பேப்பர் கடையில் படித்தேன். நொய்யல் ஆற்றில் பொங்கும் சாயக்கழிவு நுரை, பஸ் ஸ்டாண்டு, அரசுப் பள்ளி என்று ஊரைப் பற்றி எழுதித் தள்ளுகிறேன். படிக்கத்தான் நாதியில்லை. இதுவரை கமெண்ட் போட்ட ஒரே ஆள் முடி வளரும் தைலம் விற்கிறவர். என் போட்டோவைப் பார்த்துவிட்டுப் போட்டிருக்கிறார்.

அப்படிப்பட்ட இடத்தில் மறுநாள் ஒரு கமெண்ட் பூத்திருந்தது. பெயர் பூங்குழலி.

"ஐயா, உங்கள் எழுத்தைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. ஞாயிறன்று பள்ளியில் பெயின்ட் அடிக்கிறார்களாம். தங்களை நேரில் காணும் பாக்கியம் கிடைக்குமா?"

படித்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். மறுபடி படித்தேன். பிறகு, "அவசியம் வருகிறேன், சகோதரி" என்று பதில் போட்டேன். சகோதரி என்று போட்டதை வாசகர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

ஞாயிறு காலை இந்துமதி கிளம்பிப் போகும்வரை குறட்டை விட்டேன். அப்புறம் அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டை, கொஞ்சம் சென்ட். அங்கே அவள் பார்த்தால், மனசு மாறி வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். புண்ணியம் வேறு.

பள்ளி கேட்டில் இன்னும் இரண்டு வெள்ளைச் சட்டைகள் நின்றன. ஒருவர் டவுன் பஸ்களைப் பற்றி பிளாக் எழுதும் ராபின், தூத்துக்குடிக்காரர். இன்னொருவர் பிரியாணிக் கடைகளைப் பற்றி எழுதும் ஆத்தப்பன். அவர் அடித்திருந்த சென்ட் என்னுடையதைவிட ஒசத்தி.

"அண்ணாச்சி, பூங்குழலின்னு ஒருத்தங்க வரச் சொன்னாவ. பாத்தீயளா?" என்றார் ராபின்.

மூன்று பேரும் போனை எடுத்தோம். ஐயா, எழுத்து, பாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை.

"வாங்கண்ணா, வாங்க," என்று உள்ளேயிருந்து பெயின்ட் வாளியோடு வந்தாள் இந்துமதி. "பூங்குழலி நாந்தாங்க. ஏணி அந்தப் பக்கம் இருக்குது."

ஆத்தப்பன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார். நான் அவளை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"ஊர்ல எழுதறவனுக்கெல்லாம் ஒரே கமெண்டா?"

"மொதல்ல உங்களுக்குத்தானுங்க போட்டேன்."

அந்த மட்டில் மனசு கொஞ்சம் ஆறியது. ராபினின் போனை வாங்கி இன்னொரு தடவை பார்த்தேன். அவருக்கு வந்ததன் கடைசியில் ஒரு ரோஜாப்பூ இருந்தது.

"எனக்கு இந்தப் பூ வரலியே?"

பிரஷ்ஷை என் கையில் திணித்தாள்.

"உங்களுது சாம்பிள் பீசுங்க. அது பாஸானதுக்கப்பறம்தான் பல்க் ஆர்டருக்குப் பூ வெச்சேன்."