ரொட்டிக்குச் சொன்ன மந்திரம்

தெரியாத மொழியில் வாயைத் திறக்காமல் இருந்தால் எவனையும் நாலு பேர் அறிவாளி என்றே நினைப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஆராய்ச்சி மாணவனாக ஹனோவரில் வந்து இறங்கியபோது, யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் வீட்டு சோபாவில் படுத்துக் கிடந்தேன். (நான் மதுரைக்காரன். அவர் பேச்சு பாதிதான் புரியும். அவர் வீட்டுச் சோறு முழுசாகப் புரியும்.) ஒருநாள் அவர் தயங்கித் தயங்கி, "தம்பி, அடுத்த கிழமை மனுசியின்ர ஆக்கள் வருகினம். கெதியா ஒரு அறை பாரும்" என்றார். மனைவி வீட்டார் வருகிறார்கள், சோபா சீக்கிரம் காலியாக வேண்டும் என்ற பாதி புரிந்தது.

அலைந்து திரிந்ததில் ஹன்னா, யாக்கோப் என்ற வயதான யூதத் தம்பதியின் வீட்டில் ஓர் அறை இருப்பது தெரிந்து போய்ப் பார்த்தேன். "ஞாயிறு மதியம் சாப்பிட வாருங்கள், பேசி முடிவு செய்யலாம்" என்றார் ஹன்னா. கடவுளுக்கு நன்றி சொல்லும் ஆசி ஒன்றைச் சொல்லாமல் அவர்கள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதைக் கவனித்துக்கொண்டேன். கிளம்பும் முன் கை கழுவப் போனால், வாஷ்பேசினுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் எபிரேயத்தில் ஒரு பிரார்த்தனை. கீழே ரோமன் எழுத்தில் உச்சரிப்பு. கை கழுவும் இடம், ஆகவே சாப்பாட்டு மந்திரம்! போனில் படம் எடுத்தேன். வாரம் முழுக்க மனப்பாடம் செய்தேன்.

"தெரியாத மந்திரம் உமக்கேன் தம்பி? பேசாமச் சாப்பிட்டிட்டு வாருமன்" என்றார் அண்ணை.

"இல்லண்ணே, ஒரு நல்ல இம்ப்ரெஷன் வேணும்."

ஞாயிறன்று யாக்கோப் ரொட்டியில் கை வைத்ததும் நான் எழுந்து நின்றேன். கண்ணை மூடி, கடைசி அட்சரம்வரை பிழையில்லாமல் ஒப்பித்தேன். கண்ணைத் திறந்தால், ஹன்னா நாப்கினால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

"அது கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து சொல்வது" என்றார் மூச்சு வாங்க. "உடம்பில் துளைகளையும் குழாய்களையும் படைத்ததற்கு நன்றி. ஒன்று அடைத்துக்கொண்டாலும் மனிதன் நிற்க முடியாது என்று வரும்."

என் காது இரண்டும் கொதித்தன. அறை போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன்.

யாக்கோப் சிரிக்கவில்லை. "எங்கள் மதச் சட்டத்தில் ஆசி தவறினால் வழி உண்டு. 'எல்லாம் அவர் வாக்கால் உண்டாயின' என்ற பொது ஆசியைத் தவறிச் சொல்லிவிட்டால், எந்தச் சாப்பாட்டுக்கும் அது செல்லும். நீங்கள் சொன்னது இந்த மேஜையில் எதற்கும் செல்லாது."

"சூப்புக்குக்கூடவா?" என்றேன்.

"சூப்புக்கும்தான். ஆனால் ஆசியை வீணாக்கக் கூடாது. கழிப்பறைக் கதவு இடது பக்கம்."

போனேன். (பெயருக்குத்தான் போனேன், பயத்தில் நிஜமாகிவிட்டது.) திரும்பி வந்ததும், என் ஆசி இப்போதுதான் செல்லுபடியானது என்பதுபோல் இருவரும் ஒரே குரலில், "ஆமென்!" என்றார்கள். யாக்கோப் அதற்குப் பிறகுதான் வெடித்துச் சிரித்தார். சிரித்து ஓய்ந்து, சரியான ஆசியைச் சொல்லி ரொட்டியை அறுத்தார்.

"அறை பார்க்க வந்த மற்றவர்கள் எல்லோரும் வைஃபை வேகத்தைத்தான் கேட்டார்கள்" என்று சொல்லி என் தட்டுக்குப் பக்கத்தில் சாவியை வைத்தார் ஹன்னா.

கல்யாணம் ஆகும்வரை அங்கேதான் இருந்தேன். விருந்துக்கு வந்த என் மனைவியிடம் யாக்கோப் கதையை நடித்தே காட்டிவிட்டார். அன்று முதல் நான் பாத்ரூமிலிருந்து வெளியே வந்தால் வீட்டில் "ஆமென்" கேட்கும். இப்போது மகளும் சேர்ந்துகொண்டாள்.

போன மாதம் மதுரையிலிருந்து மாமனார் வந்திருந்தார். நான் கதவைத் திறந்ததும் ஹாலிலிருந்து மகள் கத்தினாள், "ஆமென்!"

மாமனார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்:

"மாப்பிள்ளை எப்பம்மா மதம் மாறுனாரு?"