அத்திம்பேருக்கு, சுரைக்குடுக்கை விஷயமாக

பீனிக்ஸ், மொரீஷியஸ்
மார்ச் 1988

மாயவரத்தின் முடிசூடா மன்னரும், கோபத்தில் துர்வாசருக்கு ஒரு பிடி கூடுதலானவருமாகிய மகாகனம் பொருந்திய பாலசுப்பிரமணியம் அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் விஸ்வம் இந்து மகா சமுத்திரத்தின் நடுவிலிருந்து செய்யும் சாஷ்டாங்க நமஸ்காரம். இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா மறுக்கிறது. தங்கள் கடிதம் கிடைத்தது. விமானத்தில் வந்ததாகத் தபால்காரன் சாதிக்கிறான். அதிலிருந்த சூட்டுக்கு ஏதோ எரிமலை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ‘என் பேத்தி கழுத்தில் சுரைக்காயைக் கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பினாயாமே, உனக்கு மூளை இருக்கிறதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அது சுரைக்காய் இல்லை, சுரைக்குடுக்கை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் என் மூளையைப் பற்றி விசாரிக்கலாகாது.

நடந்ததைக் கேளுங்கள். தங்கள் குமாரத்தி ரமாமணியும் மாப்பிள்ளை குருமூர்த்தியும் விடிந்தால் ஜவுளி ஆலைக்கு ஓடிவிடுகிறார்கள். இந்தத் தீவில் இன்றைக்கு ஸ்வெட்டர் பின்னாதவர்கள் கடலில் இருக்கும் மீன்களும் நானும்தான். ஆகவே குழந்தை வைஜுவைப் பள்ளிக்கூடம் அனுப்புவதும் அழைத்து வருவதும் என் ராஜ்ய பரிபாலனம். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு குழாய். அதன் முன்னால் நிற்கும் வரிசையின் வால் அடுத்த ஊரான மோகாவில் இருக்கும்; வாலில் நிற்கிற குழந்தைக்கு முறை வருவதற்குள் கல்யாண வயசு வந்துவிடும். மற்ற பிள்ளைகள் வாசலில் விற்கிற கலர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பச்சையும் சிவப்புமாக நாக்கை நீட்டிக்கொண்டு கிளிக்கூட்டம் மாதிரி வெளியே வருகின்றன. நம் வைஜு அதையும் குடிக்காது, இடித்துக்கொண்டு வரிசையிலும் நிற்காது. காலையில் நனைந்த தொண்டை சாயங்காலம்தான் மறுபடி நனையும். பிப்ரவரி வெயிலில் ஒருநாள் குளியலறையில் உட்கார்ந்துகொண்டு, ‘எரியறது மாமாத்தாத்தா!’ என்று அலறியது பாருங்கள், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நீர்க்கடுப்பு. டாக்டர் என்னைக் கொலைக் குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்த்து, ‘பள்ளிக்கூடத்தில் இவள் தண்ணீர் குடித்தாக வேண்டும். மறுபடி இப்படி வந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடுவேன்’ என்றார். ரமாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு நான் சும்மா இருப்பேனா?

மறுநாளே தலைமை ஆசிரியை மதாம் ரோஸ்-மேயின் அறைக்குள் சண்டமாருதமாகப் புகுந்தேன். இந்தத் தீவு கண்ட சூறாவளிகளுக்கெல்லாம் பெயர் வைக்கிறார்கள். அன்றைக்கு அடித்ததற்குப் பெயர் விஸ்வம். அந்த அம்மாள் பேசிய இங்கிலீஷைத் தமிழாக்கித் தருகிறேன். ‘வகுப்பில் தண்ணீர் குடித்தால் பாடத்தில் கவனம் சிதறும், மிஸ்யே விஸ்வம்.’ நான் விடவில்லை. ‘தபால்தலையையே நனைத்துத்தானே ஒட்டுகிறீர்கள் அம்மணி? காய்ந்த மண்டையில் பாடம் மட்டும் எப்படி ஒட்டும்?’ என்று கர்ஜித்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு நின்றது. அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். இரண்டே நாளில் எல்லாப் பிள்ளைகள் கையிலும் சுற்றறிக்கை வந்தது. ஆக, மொரீஷியஸ் தேசத்துக்கே தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொடுத்தவன் தங்கள் மைத்துனன். இதைத் தங்கள் குமாரத்தி எழுதியிருக்க மாட்டாள்.

விதி எங்கே விளையாடியது என்றால், சுற்றறிக்கை பிரெஞ்சில் இருந்தது. பிள்ளைகள், தினமும், தண்ணீர் என்பதெல்லாம் தட்டுத்தடுமாறிப் புரிந்தது. நடுவில் கொட்டை எழுத்தில் ‘கூர்த்’ என்று ஒரு வார்த்தை. இங்கிலீஷில் சுரைக்காய்க்கு என்ன எழுத்துகளோ அதே எழுத்துகள். வாலில் மட்டும் ஒன்று கூடுதல். பிரெஞ்சுக்காரன்தான் எந்த வார்த்தைக்கும் உச்சரிக்காத வால் ஒன்றை ஒட்டவைப்பவன் ஆயிற்றே! கீழே மசி கலங்கிப்போன படம் வேறே: வயிறு உருண்டை, கழுத்து ஒல்லி. இந்த வடிவத்தில் உலகத்தில் இரண்டே வஸ்துக்கள். ஒன்று சுரைக்காய், மற்றது தாங்கள். தங்களைத் தண்ணீர் நிரப்பி அனுப்பச் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘ஆஹா! ரிஷிகள் சுமந்த சுரைக்குடுக்கைக்கு வெள்ளைக்காரன் கடைசியில் வந்து சேர்ந்தானே! உடையாது, துருப்பிடிக்காது, வருஷக்கணக்காக உழைக்கும்!’ என்று கண்ணில் நீர் மல்கப் பக்கத்து வீட்டு மருதையிடம் ஓடினேன். மருதை ஐந்து தலைமுறையாக இந்த ஊர்க்காரன். அவனிடம் இருக்கும் தமிழ் முழுவதும் கோயில் தமிழ். கொல்லைக் கூரையில் காய்ந்துகொண்டிருந்த குடுக்கையை நான் காட்டியதும், ‘அங்கிள், காவடி?’ என்றான். தைப்பூச சமயம், ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்கிறான். ‘இல்லையப்பா, பள்ளிக்கூடம், தண்ணி’ என்றேன். அவனுக்குப் புரிந்தது வேண்டுதல் மட்டும்தான். குளித்துவிட்டு வந்து, இரண்டு கைகளாலும் ஏந்தி, ‘அரோகரா!’ என்று கொடுத்தான். பக்திக்குக் குறுக்கே நிற்க நான் யார்?

கழுத்தை வாங்கி, விதையைச் சுரண்டி, கசப்புப் போகப் புளித்தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, மறுபடி ஊறவைத்தேன். பகீரதன்கூட கங்கைக்கு இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டான். மூடிக்கு, குருமூர்த்தி ஏதோ ஓட்டல் விருந்திலிருந்து கொண்டுவந்திருந்த ஷாம்பேன் தக்கை. கயிறு கட்டி வைஜு கழுத்தில் மாட்டினேன். முன்னாலிருந்து பார்த்தால் குடுக்கைதான் பள்ளிக்கூடம் போகிறது, குழந்தை துணைக்குப் போகிறது என்று தோன்றும். ‘மாமாத்தாத்தா, வெக்கமா இருக்கு’ என்றது. ‘அகஸ்தியர் வெட்கப்பட்டாரா?’ என்று அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் திரும்பியது குழந்தை இல்லை, மழை மேகம். மற்ற பிள்ளைகள் எல்லாம் நீலமும் மஞ்சளுமாக பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவந்திருந்தனவாம். ‘எல்லாரும் கல்பாஸ், கல்பாஸ்னு கத்தறா! லிண்ட்சே என் மண்டையைத் தட்டி உள்ளே விதை இருக்கான்னு கேக்கறா! இனிமே நான் தண்ணியே குடிக்க மாட்டேன், போ!’ கல்பாஸ் என்றால் இந்த ஊர் பாஷையில் சுரைக்காய். ரமாமணி, ‘மாமா, உங்களை யாரு படிக்கச் சொன்னா? எனக்கு வந்து காட்டப்படாதா?’ என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் மறுபடி சூறாவளியானேன். ‘கூர்த் என்றுதானே கேட்டீர்கள்?’ என்று மேஜையில் குத்தினேன். ‘கூர்த் என்றால் தண்ணீர் பாட்டில், மிஸ்யே’ என்றாள் ரோஸ்-மே. பக்கத்தில் நின்ற நதின் என்கிற சின்ன ஆசிரியை வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், அந்த வார்த்தைக்கு மக்கு என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்றாள். ‘யாரைச் சொல்கிறாய்? என் குழந்தையையா, என்னையா?’ என்று குதித்தேன். ‘உங்களைச் சொல்ல முடியாது மிஸ்யே, அது பெண்பால் சொல்’ என்றாள். பிரெஞ்சு இலக்கணம் அன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றியது. அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

போர்ட் லூயிஸ் போய்ச் சிவப்பு பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று வாங்கி வந்தேன். காலையில் நிரம்பிப் போகிறது, சாயங்காலம் நிரம்பி வருகிறது. திறந்தால் ரப்பர் செருப்பைக் கஷாயம் வைத்த வாசனை. ‘குடிச்சியா?’ என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. டாக்டர் சொன்னது என் காதிலேயே குடியிருக்கிறது, அத்திம்பேர். இந்த லட்சணத்தில் தாங்கள் வேறே மாயவரத்திலிருந்து மூளையைப் பற்றி விசாரிக்கிறீர்கள்! போதும். குடுக்கையை உடைத்து அடுப்பில் போட்டாயிற்று. அந்தப் பள்ளிக்கூட வாசலை இந்த ஜன்மத்தில் மிதிக்க மாட்டேன். அடுத்த விமானத்தில் ஊர் திரும்புகிறேன். தங்கள் பேத்தியைத் தாங்களே வந்து தண்ணீர் குடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். தங்களுக்கு நீண்ட ஆயுளும் குட்டையான கோபமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
அவமதிக்கப்பட்ட
விஸ்வம்

பின்குறிப்பு: குடுக்கையை உடைத்தாயிற்று என்று மேலே எழுதினேன். எழுதிவிட்டோமே, உடைத்துவிடலாம் என்று இப்போதுதான் தேடினேன், காணோம். காலையில் வைஜுவே புத்தகப் பைக்குள் ஒளித்து எடுத்துப் போயிருக்கிறது! சிவப்பு பாட்டில் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அழைத்துவரப் போனேன் (வாசலை மிதிக்கத்தான் வேண்டியிருந்தது). குடுக்கை காலி. ‘ரப்பர் தண்ணி நாறறது மாமாத்தாத்தா. சட்டம் போட்டுட்டேன்: தக்கையைப் பிடுங்கணும்னா ஒரு வாய் குடிக்கணும். முதல் வாய் எனக்குத்தான்!’ தக்கை ‘டப்’பென்று வெடிக்கிறதாம், அந்தச் சத்தத்துக்காக வகுப்பே வரிசையில் நிற்கிறதாம். எச்சில் படும் என்று ரோஸ்-மே தடுக்கப் போனாளாம். நம் பெண் அண்ணாந்து, உதட்டில் படாமல் தாரையாக விட்டுக் காட்டியிருக்கிறது. இப்போது அங்கே எல்லோரும் அண்ணாந்து குடிக்கிறார்கள். சட்டை நனையாத பிள்ளை கிடையாது. ரோஸ்-மேயின் ரவிக்கையும் நனைந்திருந்ததை நானே பார்த்தேன். லிண்ட்சேக்கு ஒரு கல்பாஸ் உடனே வேண்டுமாம். மருதை குளிக்கப் போயிருக்கிறான்.

ஆகவே விமானம் ரத்து. அக்காவிடம் சொல்லி நல்ல குண்டுச் சுரை விதையாக நிறைய அனுப்பச் சொல்லவும். மேலே உள்ளதையெல்லாம் கிழித்துவிட்டு இந்தப் பின்குறிப்பை மட்டும் உரக்கப் படித்துக் காட்டவும். இதோ, சமையலறையில் ‘டப்’. பெண் குடிக்கிறாள்.