மாடு ஐந்து முறை முட்டிய கொள்ளுத்தாத்தா

சர்வேயர் ஒரு முடிவு எடுத்துவிட்டார். பெண்டாட்டியைக் கேட்காமல் எடுத்த முடிவு. கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் இது முதல் தடவை என்பதால், எடுத்த முடிவை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் பெண்டாட்டியிடமே கொண்டுபோய்ச் சொன்னார்.

"எங்க கொள்ளுத்தாத்தாவோட சரித்திரத்தை எழுதப்போறேன்."

"தாராளமா எழுதுங்க. முதல்ல குழாயை மூடிட்டு வாங்க. தண்ணி போகுது."

மூடிவிட்டு வந்தார்.

சர்வேயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. பெண்டாட்டி பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ், இன்னும் வேலைக்குப் போகிறாள். இதில் யாருக்கு என்ன குறை? குறை அண்ணனுக்குத்தான். மரக்கடை வைத்திருக்கும் அந்த மனுஷருக்கு, குடும்பம் கூடுகிற இடத்திலெல்லாம் ஒரே வசனம். "ஊரான் நிலத்துக்கெல்லாம் கோடு போட்டவன், பொண்டாட்டி போட்ட கோட்டைத் தாண்டமாட்டான்!" சொல்லிவிட்டு முதலில் தானே சிரிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சர்வேயரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் பசியில்லை என்று படுத்துக்கொள்வார். தம்பிதானே என்று என்ன வேண்டுமானாலும் சொல்லலாமா? அவருக்கு உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்தது.

இரண்டு மாதத்தில் அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடப்போகிறார்கள். அங்கே எழுந்து நின்று படிக்க வேண்டும். நம் வம்சத்து ஆண்பிள்ளை எவனும் பெண்டாட்டி பேச்சைக் கேட்டு நடந்தவனில்லை, இதோ ஆதாரம் என்று அண்ணன் வாயை அடைக்க வேண்டும். இதுதான் திட்டம்.

கொள்ளுத்தாத்தா ஒரு பெரிய பண்ணையில் குத்தகைக்கு உழுதவர். அந்தப் பண்ணையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு குத்தகைக்காரரும் மாதம் ஒரு தாளில் வயல் நிலவரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் நேரில் போய்ச் சொன்னால், குமாஸ்தா எழுதிக்கொண்டு கைநாட்டு வாங்கிக்கொள்வார். அத்தனை தாள்களும் பழைய பண்ணை அலுவலகத்தின் பின்னறையில் கட்டுக்கட்டாக இன்னும் கிடந்தன. காவலுக்கு இருந்த அம்மாள் ஒரு நேரத்துக்கு ஒரு கட்டுதான் தருவாள். பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பென்சிலைக் கொடுப்பாள். தும்மினால் முறைப்பாள். சர்வேயர் நாற்பது நாள் தும்மலை அடக்கிக்கொண்டு தாள்களைப் பார்த்து எழுதினார்.

ஆஹா, கொள்ளுத்தாத்தாவுக்கு என்ன எழுத்து! என்ன தெனாவட்டு!

"கேளு இதை," என்று தினமும் சாயங்காலம் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டினார். "'கிழக்கு வாய்க்கால் கரை இளகியிருக்கிறது. இந்த மாதம் ஆள் அனுப்பாவிட்டால் அடுத்த மாதம் படகு அனுப்ப வேண்டியிருக்கும்.' எப்படி? பண்ணைக்கே புத்தி சொல்றாரு!"

"நல்லா இருக்கே."

"இது இன்னும் ஜோரு. 'தெற்கு வயலில் இம்முறை சோளம். யோசித்து முடிவு செய்தாகிவிட்டது. பண்ணை தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.' பார்த்தியா? யாரையாவது ஒரு வார்த்தை கேட்டாரா? அதான் ஆம்பளை!"

"ம்," என்றாள் பெண்டாட்டி. அவள் 'ம்' போட்டால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சர்வேயர் இருக்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். இப்படிக் கையெழுத்துப் போட்ட சிங்கம், நடுநடுவே நாலு நாலு மாதம் கைநாட்டு வைத்திருந்தது. அந்த மாதங்களில் சிங்கத்தின் கர்ஜனையும் காணோம். குமாஸ்தா எழுதியது இவ்வளவுதான்: 'பயிர் இருக்கிறது. மாடு இருக்கிறது. என்ன விதைப்பது என்று கேட்டதற்கு, யோசித்து அடுத்த மாதம் சொல்வதாகச் சொன்னார்.'

சர்வேயர் இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் பளிச்சென்று விளங்கியது. மாடு! மாடு முட்டி வலது கையில் காயம்! கையெழுத்துப் போட முடியவில்லை, அவ்வளவுதான். உட்கார்ந்த சூட்டில் பதினோரு பக்கத்துக்கு ஒரு அத்தியாயம் எழுதினார். ரத்தம் சொட்டியது. மாடு மன்னிப்புக் கேட்காத குறை.

பெண்டாட்டி அதைப் பொறுமையாகப் படித்தாள்.

"எத்தனை தடவைங்க முட்டுச்சு?"

"அஞ்சு."

"அஞ்சு தடவையும் அதே கையிலயா?"

"வீரன் வலது கையைத்தான் நீட்டுவான்."

"அஞ்சு தடவையும் கணக்கா நாலாவது மாசம் ஆறிடுச்சு?"

"இரும்பு உடம்பு. அந்தக் காலத்துச் சாப்பாடு அப்படி."

"உங்க தாத்தாவோட சேர்த்து அவருக்கு எத்தனை பிள்ளைங்க?"

"அஞ்சு," என்றார் சர்வேயர் பெருமையாக. அப்புறம் வாய் தானாக மூடிக்கொண்டது.

பெண்டாட்டி பீரோவிலிருந்து குடும்ப நோட்டை எடுத்து வந்தாள். பிறப்பு, இறப்பு எல்லாம் குறித்து வைத்திருக்கும் துணி அட்டை நோட்டு. கைநாட்டுத் தாள்களின் நகல்களைப் பக்கத்தில் பரப்பினாள். ஆயிரம் பிரசவம் பார்த்த விரல் ஒவ்வொரு தேதியாகத் தொட்டுக்கொண்டு போனது.

"ஒவ்வொரு பிரசவத்துக்கும் ரெண்டு மாசம் முன்னாடி உங்க கொள்ளுப்பாட்டி அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க. பிள்ளை பிறந்து ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்பி வந்திருக்காங்க. வந்ததும் கையெழுத்தும் வந்துடுது. உங்க தாத்தா பிறந்தது இது. இந்தத் தடவை முட்டினது உங்க தாத்தாதான்."

"அப்படின்னா... சோளம்?"

"அவங்க முடிவுதான்."

"படகு?"

"அவங்க வாய்தான்."

சர்வேயர் நாற்காலியில் சரிந்தார். பிறகு எதையோ பிடித்துக்கொண்டவர்போல் நிமிர்ந்தார். "ஆனா கடைசில பாரு. கடைசி பதினோரு வருஷம் முழுக்கக் கைநாட்டு. இதாவது நிஜமா மாடு முட்டினதா இருக்கலாம்ல?"

பெண்டாட்டி நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, இறப்புப் பட்டியலில் ஒரு வரியைக் காட்டினாள். கொள்ளுப்பாட்டி. அந்தக் கைநாட்டு தொடங்கிய அதே வருஷம், அதே மாதம்.

சர்வேயர் அந்தப் பதினோரு வருஷத்துத் தாள்களை மறுபடி எடுத்தார். தன் கையால், அந்தப் பென்சிலால் எழுதி வந்ததுதான். எழுதும்போது நில அளவை மட்டும் பார்த்தாரே தவிர மற்றதைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் முதல் தாளில் குமாஸ்தா ஒரே வரியை எழுதியிருந்தார்: 'குத்தகைச் சீட்டில் தன் பெயருக்கு மேலே காலஞ்சென்ற மனைவியின் பெயரையும் எழுதச் சொல்கிறார். வழக்கமில்லை என்று சொல்லப்பட்டது.' பத்து வருஷம், பத்து முறை. பதினோராவது வருஷம், 'மறுபடியும் கேட்கிறார்' என்று மட்டும் இருந்தது. ஓரத்தில் மேலாளர் கையால் ஒரு குறிப்பு: 'எழுதித் தொலைக்கவும்.'

சர்வேயருக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு, தும்மல் என்று பொய் சொன்னார். பெண்டாட்டி அவர் முதுகில் கையை வைத்தாள்.

"இதை எப்படிம்மா அண்ணன் முன்னாடி படிக்கிறது? மானம் கப்பலேறிடும். மாட்டையே படிச்சுடட்டுமா?"

"உங்க இஷ்டம்."

பெண்டாட்டி 'உங்க இஷ்டம்' என்றால் அது யார் இஷ்டம் என்று கல்யாணமான எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சர்வேயர் உண்மையையும் எழுதினார், மாட்டையும் வைத்துக்கொண்டார். இரண்டும் ஒரே ஃபைலில் கிடந்தன.

அந்த நாள் வந்தது. அண்ணன் வீட்டு ஹாலில் முப்பது நாற்காலி. முன்வரிசையில் அண்ணன், வசனத்தை உதட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சர்வேயர் எழுந்தார். ஃபைலைத் திறக்காமலே ஆரம்பித்தார்.

"நம்ம கொள்ளுத்தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் பேர்ல இருக்கிற அத்தனை எழுத்தும் கொள்ளுப்பாட்டியோடது."

முழுசாகச் சொன்னார். சோளத்தைச் சொன்னார், படகைச் சொன்னார், பதினோரு வருஷத்தைச் சொன்னார். கடைசி வரியில் குரல் உடைந்தது. அண்ணன் எழுந்து வந்தார். வசனம் வரப்போகிறது என்று சர்வேயர் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"கவுத்துட்டியேடா! இந்த முப்பது பேர் சாப்பிட்ட பாத்திரத்தையும் இப்ப நான்தான் தேய்க்கணும்."

"ஏன்ணே?"

"போன வாரமே உன் பொண்டாட்டி எங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா. நீ மாட்டைத்தான் படிப்பேன்னு நாங்க அத்தனை பேரும் பந்தயம் கட்டினோம், தோத்தா பாத்திரம் என் பொறுப்புன்னு. அவ ஒருத்திதான் நீ உண்மையைச் சொல்வேன்னா. 'எங்க வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டார்'னு அடிச்சுச் சொன்னா."

சர்வேயருக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் பட்டினி கிடந்தாலும் தகும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெண்டாட்டியிடம் போனார்.

"ஏம்மா, என்மேல உனக்கு அவ்வளவு நம்பிக்கையா?"

"பின்ன, இல்லாமலா?" என்றாள் அவள், கைப்பையைத் திறந்து பதினோரு பக்கத்தை எடுத்து அவர் கையில் வைத்தபடி. "இருந்தாலும் எதுக்கும் இருக்கட்டும்னு மாட்டை நேத்தே ஃபைல்லேருந்து எடுத்துட்டேன்."